தீட்டை வைத்து ஓர் உலகம் கட்டுவது எப்படி? டிஸ்டோபியா அறிபுனை எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

தூய்மையின் பெயரால் மனிதர்களைப் பிரிக்கும் கொடிய எதிர்கால உலகம் ஒன்றை, அதாவது ஒரு டிஸ்டோபியாவை, எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மேலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு சர்வாதிகாரி, ஒரு பெரிய சுவர், ஒரு கொடி. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் வரைவில் தலைவர் ஏழு பக்கம் பேசினார். அந்த உலகத்தில் ஒருவர் காலையில் எழுந்து எந்தக் குழாயில் வாய் கொப்பளிப்பார் என்று ஒரு நண்பர் கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை.

அப்புறம் பிறர் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லத் தொடங்கியபோது, எல்லோரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்தது. கீழே உள்ள வரிசை அப்படித்தான் உருவானது. வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள். 3ஆம் படியில் எடுக்கும் முடிவு இல்லாமல் 4ஆம் படி நிற்காது.

கடைசிவரை ஒரே உதாரணத்தைக் கொண்டுபோகிறேன். நிலவின் தென் துருவத்தில், சூரிய ஒளி படாத பள்ளத்துப் பனியை உருக்கிக் குடிக்கும் ஒரு மூடிய குடியிருப்பு. அங்கே நான்கு வளையங்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீர் இதற்கு முன் எத்தனை உடம்புகளைக் கடந்து வந்தது என்பதுதான் அங்கே தூய்மையின் கணக்கு. முதல் வளையத்தார் பனியிலிருந்து நேரடியாக வந்த ‘முதல் நீர்’ குடிக்கிறார்கள். நான்காம் வளையத்துக்கு வருவது மூன்று முறை சிறுநீராகிச் சுத்திகரிக்கப்பட்ட நீர்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உண்மையான ஒரு பாகுபாட்டுச் சட்டத்தின் வரையறைப் பகுதியைத் தேடிப் படியுங்கள். தலைவர்களின் உரைகள் வேண்டாம், வரையறை மட்டும் போதும். தென்னாப்பிரிக்காவின் 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் நல்ல தொடக்கம். வெள்ளையர் என்பவர் யார் என்று அது சொல்ல முயலும்: பார்த்தால் வெள்ளையராகத் தெரிபவர், அல்லது பொதுவாக வெள்ளையராக ஏற்கப்படுபவர். சுற்றிச் சுற்றி வந்து தன் வாலையே கடிக்கும் வரையறை. ஆனால் மொழி மட்டும் ஒரு சலனமும் இல்லாமல், வீட்டு வாடகை ஒப்பந்தம் போல இருக்கும். உங்கள் கதைக்கு வேண்டியது அந்த வறட்சிதான்.

இரண்டாவது, தொழில்நுட்பத்தில் ஓர் உண்மையான கால் ஊன்றல். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வியர்வை, சிறுநீர், மூச்சின் ஈரம் எல்லாவற்றையும் சேர்த்து 98 சதவீத நீரை மீட்டெடுக்கும் நிலையை 2023இல் எட்டிவிட்டார்கள். என் உதாரணம் அங்கிருந்துதான் பிறந்தது. இப்படி ஒரு பிடி இருந்தால் மீதியைக் கற்பனை செய்யும்போது கை நடுங்காது.

வரைபடம், இருநூறு வருட வரலாறு, கொடியின் நிறம் எதுவும் இப்போது வேண்டாம். அவற்றை எழுதினால் வேலை நடப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

2. முதலில் வேலையைப் பிரியுங்கள்

யாரை வெறுக்கிறார்கள் என்பதற்கு முன்னால், யாருடைய உழைப்பு இல்லாமல் அந்த ஊர் ஒரு நாள்கூட ஓடாது என்று எழுதுங்கள். தூய்மை பேசும் சமூகம் எதுவாக இருந்தாலும், அழுக்கை அள்ள ஒருவர் தேவைப்படுகிறார். அள்ளுபவரையே அழுக்கு என்று அழைப்பதில்தான் அந்த ஏற்பாட்டின் லாபம் இருக்கிறது: கூலி குறையும், பேரம் பேச இடம் இருக்காது, வேலையை விட்டுப் போகவும் வழி இருக்காது.

நிலவுக் குடியிருப்பில் முதல் நீர்த் தொட்டியின் வடிகட்டிகளைக் கழுவுவது யார்? நான்காம் வளையத்தார். அதாவது முதல் வளையத்தார் குடிக்கும் ஒவ்வொரு சொட்டும் அவர்கள் கை பட்ட வலையைத் தாண்டித்தான் வருகிறது. இந்த முரண்பாடு கிடைத்துவிட்டால் கதைக்கு எஞ்சின் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

வழக்கமான தவறு: ஒதுக்கப்பட்டவர்களைச் சுவருக்கு வெளியே இடிபாடுகளில் குடிவைப்பது. படமாக எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பவருக்கு அவர்களிடம் எந்த வேலையும் இல்லையென்றால் இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்கவே நேராது. நாற்பதாம் பக்கத்தில் கதை நின்றுவிடும்.

3. தீட்டு எதில் ஒட்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். காற்று, தண்ணீர், நிழல், குரல், தரவு, தோல், எதுவாகவும் இருக்கலாம். இடம் மாறிக் கிடக்கும் பொருளைத்தான் அழுக்கு என்கிறோம் என்ற பார்வையை மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் விரித்து எழுதினார். தலையில் இருக்கும்வரை அது முடி, தட்டில் விழுந்தால் அருவருப்பு. முடி மாறவில்லை, இடம்தான் மாறியது. ஆகவே ‘என்ன அழுக்கு’ என்று கேட்காதீர்கள். ‘எது எங்கே இருக்கக் கூடாது’ என்று கேளுங்கள். கதைக்குப் பயன்படும் பதில் வரும்.

மரபணுவை முதல் தேர்வாக எடுக்க வேண்டாம் என்பேன். எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அதோடு, மரபணுவைக் கண்ணால் பார்க்க முடியாது, மேலே தெறிக்காது, சிந்தாது. அதை எடுத்தே தீருவேன் என்றால் நாட்டு ஆட்சியை விட்டுவிட்டுக் காப்பீட்டுப் படிவத்தின் பக்கம் போங்கள். அமெரிக்காவில் 2008இல் வந்த மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பொருந்தும், ஆயுள் காப்பீட்டுக்குப் பொருந்தாது. அந்த ஒரு ஓட்டைக்குள் முழு நாவல் இருக்கிறது.

இந்தப் படியில்தான் மிகப் பெரிய விபத்து நடக்கிறது. பாதிக் கதையில், ஒதுக்கப்பட்டவர்களிடம் உண்மையாகவே கிருமி இருப்பதாக எழுதிவிடுவார்கள். திருப்பம் என்று நினைத்துச் செய்வது. ஆனால் அந்த நிமிடமே வாசகர் அரசின் பக்கம் சாய்ந்துவிடுவார், ‘சரி, அப்போ அடைத்து வைத்தது நியாயம்தானே’ என்று.

உண்மையான ஆபத்து கொஞ்சம் வேண்டும் என்றால் மேரி மல்லனின் கதையைப் பாருங்கள். நியூயார்க்கில் சமையல் வேலை செய்த ஐரிஷ் பெண். தனக்கு நோய் இல்லாமலேயே டைஃபாய்டு கிருமியைச் சுமந்தவர். பிறருக்குத் தொற்றியது உண்மை. ஆனால் அதே நகரில் கண்டுபிடிக்கப்பட்ட மற்றப் பல சுமப்போர் வெளியே நடமாட, அவர் மட்டும் 1907 முதல் 1910 வரையிலும், பிறகு 1915 முதல் 1938இல் இறக்கும்வரையிலும் தனித்து வைக்கப்பட்டார். கிருமி எல்லோரிடமும் ஒன்றுதான். பூட்டு மட்டும் ஆளைப் பார்த்து விழுந்தது.

நான் வைத்துக்கொண்ட விதி: ஆபத்து ஒரு காலத்தில் இருந்தது, பிறகு போய்விட்டது, விதி மட்டும் மிஞ்சியது. நிலவுக் குடியிருப்பில் முதல் இரண்டு வருடம் வடிகட்டி மோசம், நான்காம் வளையத்தில் பலர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். பிறகு வடிகட்டியை மாற்றினார்கள். இப்போது நான்கு தொட்டியிலும் தண்ணீர் ஒரே அளவு சுத்தம்தான்.

4. சோதனையை உருவாக்குங்கள்

கண்ணுக்குத் தெரியாத தூய்மைக்கு ஒரு சோதனை வேண்டும். இல்லையென்றால் யாரும் யாரையும் நிறுத்திக் கேட்க முடியாது. சோதனைக்கு மூன்று குணங்கள்: சீக்கிரம் முடிய வேண்டும், சம்பளம் குறைந்த ஓர் ஊழியரால் செய்ய முடிய வேண்டும், அடிக்கடி தவற வேண்டும். மூன்றாவதை மறந்துவிடாதீர்கள்.

வரலாற்றில் இருந்த சோதனைகள் நம்ப முடியாத அளவுக்கு அற்பமானவை. தென்னாப்பிரிக்காவில் தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்தார்கள். விழுந்தால் வெள்ளையர். நாஜி ஜெர்மனியின் 1935ஆம் ஆண்டு நியூரம்பர்க் சட்டங்கள் இரத்தத்தைப் பற்றி ஓயாமல் பேசின. ஆனால் இரத்தத்தில் பார்க்க எதுவும் இல்லை. தாத்தா பாட்டி நால்வரில் எத்தனை பேர் யூத சமயச் சபையைச் சேர்ந்தவர்கள் என்று காகிதத்தில் எண்ணினார்கள். மூன்றோ நான்கோ என்றால் யூதர், ஒன்று இரண்டு என்றால் பெரும்பாலும் ‘கலப்பு’. உயிரியல் பேசிய அரசு வழிபாட்டுப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது.

என் உதாரணத்துக்குத் தலைமுடிச் சோதனையை வைத்தேன். ஆவியாகும்போது லேசான நீர் மூலக்கூறுகள் முந்திக்கொண்டு போகும், கனமான ஹைட்ரஜன் உள்ளவை பின்தங்கும். அதனால் திரும்பத் திரும்ப ஆவியாக்கிக் குளிர வைத்த நீரில் இந்த இரண்டின் விகிதம் மாறிக்கொண்டே வரும். குடிக்கும் நீரின் இந்த விகிதம் முடியில் பதியும் என்பதைத் தடயவியலில் உண்மையாகவே பயன்படுத்துகிறார்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். எனவே 3 செ.மீ. முடியை வெட்டினால், மூன்று மாதமாக நீங்கள் என்ன குடித்தீர்கள் என்பது அதிகாரி கையில்.

இந்த ஒரு சோதனை போட்ட குட்டிகளைப் பாருங்கள். மொட்டைத் தலை சந்தேகத்துக்குரியதாகிறது. வழுக்கை விழுந்தவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். முதல் வளையத்துப் பெண்கள் இடுப்புவரை முடி வளர்ப்பது அழகுக்காக அல்ல, முப்பது நாற்பது வருடச் சான்றிதழாகவே பார்க்கப்படுகிறது. (கணக்குப் போட்டபோது இடுப்பு எட்ட ஆறேழு வருடம்தான் ஆகும் என்று தெரிந்து ‘முப்பது நாற்பதை’ வெட்டினேன். நீங்களும் எண்களைச் சரிபாருங்கள்.)

5. பதிவேட்டை எழுதுங்கள்

சோதனை ஒருவரின் இன்றைய நிலையைத்தான் காட்டும். அதைப் பிள்ளைகளுக்கும் கடத்துவது பதிவேடு. பிறப்போடு ஒட்டிக்கொள்ளும் இழிவு வேண்டுமென்றால் யாரோ ஒருவர் எங்கோ எழுதி வைத்திருக்க வேண்டும்.

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். யார் எழுதுகிறார்? யாரால் திருத்த முடியும்? சரிபார்க்கும் செலவு யாருடையது? ஸ்பெயினின் டொலேடோவில் 1449இல் வந்த ‘இரத்தத் தூய்மை’ விதி, கிறிஸ்தவராக மதம் மாறிய யூத வழியினரைப் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கியது. அதைத் தொடர்ந்த காலங்களில் பதவி கேட்பவரின் பூர்வீகத்தை விசாரிக்க ஊர் ஊராக ஆள் போனது, செலவு விண்ணப்பித்தவர் தலையில். தூய்மையைக் காட்டவே காசு வேண்டியிருந்தது.

வழக்கமான தவறு: எல்லாம் தெரிந்த, தவறே செய்யாத செயற்கை நுண்ணறிவை வைத்துவிடுவது. பிழை இல்லாத அமைப்பில் கெஞ்ச ஆள் இல்லை, லஞ்சம் வாங்க ஆள் இல்லை, இரக்கப்பட்டு ஒரு வரியை மாற்றி எழுதவும் ஆள் இல்லை. கதையும் இல்லை. இயந்திரம் இருக்கட்டும், அதன் திரைக்கு முன்னால் தூக்கம் கெட்ட ஓர் எழுத்தரை உட்கார வையுங்கள்.

ஒரு படிவத்தையும் முழுதாக எழுதிப் பாருங்கள். பெயர், வளையம், தாயின் வளையம், பாலூட்டியவரின் வளையம், கடைசியாக முடி வெட்டிய தேதி. நான்காவது வரியை எழுதியபோதுதான், முதல் வளையத்துக் குழந்தைகளுக்கு யார் பாலூட்டுகிறார்கள் என்ற கேள்வியே எனக்கு எழுந்தது.

6. எல்லைகளைப் போடுங்கள், ஒரே திசையில்

தொடுதல், குடித்தல், குடியிருத்தல், மணம் செய்தல் என்று நான்கு எல்லைகள் போதும். மீறினால் கிடைக்கும் தண்டனை எழுதுவது எளிது. எழுத்தில் கனமாக விழுவது, மீறிய பிறகு நடக்கும் ‘சுத்தம் செய்யும்’ சடங்கு. அதை யார் செய்கிறார், யார் கூலி கொடுக்கிறார் என்று எழுதுங்கள்.

இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள மகாட் என்ற ஊரில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் தலித்துகள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். ஆடுமாடு குடிக்கத் தடையில்லாத பொதுக்குளம். பிறகு ஆதிக்கச் சாதியினர் சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 பானைகளைக் குளத்தில் ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். மனிதர் குடித்த நீரைச் சாணம் தூய்மையாக்கியது என்ற இந்த ஒரு செய்தியை விடக் கூர்மையாக எந்தக் கற்பனைச் சடங்கையும் நான் இதுவரை எழுதியதில்லை.

தீட்டு ஒரு திசையில்தான் பாயும் என்பதையும் மறக்காதீர்கள். கீழே இருப்பவர் தொட்டால் மேலே இருப்பவருக்குத் தீட்டு. மேலே இருப்பவர் கீழே வந்து அடித்தால், பறித்தால், படுத்தால் ஒட்டாது. புதியவர்கள் இதைச் சமச்சீராக எழுதிவிடுகிறார்கள், இரு தரப்பும் ஒருவரையொருவர் அருவருப்பதாக. அப்படி எழுதினால் அது இரண்டு ஊர்ச் சண்டை.

7. விதிவிலக்குகளுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்

சட்டத்தை எழுதியவர் யார் என்பது விதிவிலக்கில்தான் தெரியும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1924இல் இனத் தூய்மைச் சட்டம் போட்டது. வேற்று இரத்தம் ஒரு துளி இருந்தாலும் வெள்ளையர் இல்லை. ஆனால் அங்கிருந்த பெரிய குடும்பங்கள் சில, போகஹாண்டஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசுபவை. விட்டால் அவர்களே சட்டத்துக்குள் மாட்டுவார்கள். ஆகவே பதினாறில் ஒரு பங்குவரை பூர்வகுடி இரத்தம் இருக்கலாம் என்று ஒரு சன்னல் திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவும் வியாபாரம் வேண்டி ஜப்பானியர்களைக் ‘கௌரவ வெள்ளையர்’ ஆக்கியது.

உங்கள் உலகத்தில் குறைந்தது இரண்டு விதிவிலக்குகள் எழுதுங்கள்: ஒன்று பணத்துக்கு, ஒன்று வசதிக்கு. என் குடியிருப்பில் பனி துளைக்கும் பொறியாளர்கள் எந்த வளையத்தில் பிறந்திருந்தாலும் பணிக்காலத்தில் இரண்டாம் வளையத்தார். ஓய்வு பெற்ற மறுநாள் பழையபடி. இரண்டாவது, பாலூட்டும் செவிலித்தாய்க்கான விலக்கு. இரண்டு வயதுவரை குழந்தையின் முடி கணக்கில் வராது. அதற்கு மருத்துவக் காரணம் ஒன்றையும் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், படித்தால் சிரிப்பு வரும்.

விதிவிலக்கு இல்லாத கொடுமை பொம்மைக் கொடுமை. ஓட்டையுள்ள சட்டத்தில்தான், அந்த ஓட்டை வழியே நுழைந்துவிட ஆசைப்படும் மனிதர் கிடைப்பார்.

8. பெயர் வைப்பது

அரசு ஒருபோதும் ‘அசுத்தமானவர்’ என்று எழுதாது. ‘மறுசுழற்சிக் குடிமக்கள்’ என்று எழுதும். ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று சொற்கள் யோசியுங்கள்: படிவத்தில் உள்ளது, சண்டையில் வாய்க்கு வருவது, அவர்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்வது. மூன்றாவது இல்லையென்றால் அவர்கள் உங்கள் கதையில் வெறும் பாதிக்கப்பட்டவர்கள்தான். என் நான்காம் வளையத்தார் தங்களை ‘வலைக்காரர்’ என்கிறார்கள்.

நிஜமான ஒரு சமூகத்தை எடுத்து அப்படியே வேற்றுப் பெயர் ஒட்டவும் வேண்டாம். பத்தாம் பக்கத்தில் வாசகர் விடுகதையை அவிழ்த்துவிடுவார். அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?

9. யார் கண்ணில் சொல்வது

புதியவர்கள் இரண்டே பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: அடிமட்டத்துப் போராளி, அல்லது மேலிடத்து மனம் மாறிய வாரிசு. இரண்டும் முடியும், ஆனால் கடினம். நடுவில் உள்ளவரை முயன்று பாருங்கள். இரண்டாம் வளையத்து எழுத்தர். அவருக்கு மேலேயும் பயம், கீழேயும் பயம். ஒரு படி இறங்கினால் என்ன ஆகும் என்று தினமும் கண்ணால் பார்க்கிறவர் அவர்தான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். கடைசியில் உங்கள் நாயகி பிறப்பால் முதல் வளையத்தாள், சின்ன வயதில் மாறிப்போனவள் என்று தெரியவருவதாக எழுதாதீர்கள். அந்தத் திருப்பம், திறமையும் நேர்மையும் பிறப்பில்தான் வரும் என்று அரசு சொன்னதை உண்மையாக்கிவிடும். நான் படித்த வரைவுகளில் இது எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

10. கதைச்சுருக்கத்துக்கு முன் ஒரே ஒரு காட்சி

ஒரு மேசை, ஒரு வரிசை, ஒரு சோதனை. இதை எழுதிப் பார்த்தால் முந்தைய ஒன்பது படிகளில் எது நிற்கிறது, எது ஆடுகிறது என்று தெரியும். என் நோட்டிலிருந்து:

“எந்த வளையம்?”

“நாலுங்க, ஐயா.”

“தொட்டியில எத்தன வருஷமா வேல செய்யுற?”

“பத்தொம்பது.”

கத்தரிக்கோல் மூதாட்டியின் நரைத்த முடியை எடுத்தது. எழுத்தர் சீட்டைப் பார்த்தார். விகிதம் கொஞ்சம் மாறியிருந்தது.

“குடிச்சியா?”

“கை நனைஞ்சுதுங்க. வாய் நனையல.”

பின்னால் நின்றிருந்த பையனை எழுத்தர் அப்போதுதான் பார்த்தார். பன்னிரண்டு வயது இருக்கும். முதல் வளையத்துச் சட்டை. “நீங்க ஏன் தம்பி வரிசையில நிக்கிறீங்க? இப்படி வாங்க.”

காட்சியில் யாரும் யாரையும் திட்டவில்லை. தலை நரைத்தவருக்கு ‘குடிச்சியா’, பன்னிரண்டு வயதுக்கு ‘வாங்க’. தமிழில் எழுதுகிறவருக்குக் கையில் இருக்கும் பெரிய வசதி இது. விளக்கம் எழுதி அதைக் கெடுக்காதீர்கள்.

11. முடிவு

ஆட்சி கவிழ்ந்து கதவுகள் திறப்பதோடு முடித்தால் பொய்யாகத் தோன்றும். ஜப்பானில் ‘தீண்டத்தகாதவர்’ என்ற சட்ட நிலை 1871இல் நீக்கப்பட்டது. அந்தச் சமூகத்தார் வாழும் ஊர்களின் பட்டியல் ரகசியமாக அச்சாகி, வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது 1975இல் வெளிச்சத்துக்கு வந்தது. 104 வருடம். உங்கள் கடைசி அத்தியாயம் அந்த இடைவெளிக்குள் நடக்கட்டும்.

என் கதையில் சட்டம் நீங்கி ஆறு மாதம் ஆகிறது. வடிகட்டி கழுவிய அந்த மூதாட்டியின் தலையில் வேர்ப்பக்கம் 6 செ.மீ. புது நீர், அதற்குக் கீழே பழைய நீர். மகள் கத்தரிக்கோலோடு வருகிறாள்.

12. திருத்தும்போது

எண்கள், தேதிகள், முடியின் நீளம் எல்லாம் சரிபார்த்த பிறகு, கடைசியாக ஒரு முறை பிரதிப்பெயர்களுக்காக மட்டும் படியுங்கள். உரையாடலில் உள்ளவற்றை விட்டுவிடுங்கள். கதைசொல்லியாக நீங்கள் யாரை ‘அவர்’ என்றும், யாரை ‘அவன்’, ‘அவள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாகக் குறியுங்கள். என் வரைவில் எழுத்தர் நாற்பது பக்கமும் ‘அவர்’. அவருடைய அம்மா வயதுள்ள வடிகட்டிக்காரர் நாற்பது பக்கமும் ‘அவள்’. அப்படி எழுதச் சொல்லி எந்த வளையத்து அரசும் எனக்கு உத்தரவு போடவில்லை. ஒவ்வொன்றாக மாற்ற ஒரு மாலை முழுக்க ஆனது.